ஒற்றைத் தலைவலிக்கு மக்னீசியம்: எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பூ மார்க்கெட் கணக்கு, மாட்டுத்தாவணி:

ஒற்றைத் தலைவலிக்கு மக்னீசியம் மாத்திரை எடுத்தவர்கள் நம் பக்கத்திலும் நிறைய பேர் இருப்பீர்கள். பலன் கிடைத்ததோ இல்லையோ, அப்படியே எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு இந்த வலி உண்டு. மாட்டுத்தாவணியில் மொத்தப் பூக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன் மூட்டை இறங்கும், அப்போது கடையில் இருந்தாக வேண்டும். தூக்கம் கெடும், காலைச் சாப்பாடு தள்ளிப்போகும். இரண்டுமே ஒற்றைத் தலைவலியைக் கிளப்பி விடுபவை. முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் கொட்டாவி கொட்டாவியாக வரும், பிடரி இறுகும். அப்புறம் வலது கண்ணுக்குப் பின்னால் தெறிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மல்லிகை வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். கூடையைத் தள்ளி வை என்று கடைப் பையனிடம் சொல்லக்கூட வாய் வராது, கையைத்தான் காட்டுவேன்.

தைலம் தேய், கண்ணாடியை மாற்று, பித்தம் ஏறியிருக்கிறது இஞ்சிச் சாறு குடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இது மூளை சம்பந்தப்பட்ட ஒரு நோய், வெறும் அலுப்பு இல்லை என்று நரம்பு டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையையும், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டு வந்தால், அதனாலேயே தலைவலி அதிகமாகும் என்றும் சொன்னார். வலி வராமல் தடுப்பதற்கென்று மக்னீசியம் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். மிஞ்சிய மக்னீசியத்தை வெளியேற்றுவது கிட்னிதான், அது பழுதாக இருந்தால் ரத்தத்தில் தங்கி ஆபத்தாகிவிடும்.

இது வலி வந்ததும் விழுங்கி உடனே நிவாரணம் எதிர்பார்க்கிற மாத்திரை இல்லை. வலி இருக்கிற நாளும் இல்லாத நாளும் ஒரே மாதிரி போட்டுவர வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டர். முதல் மாதம் எனக்கு எதுவும் தெரியவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வலி வந்த நாளுக்குச் சிவப்பு மையில் புள்ளி, வலி மாத்திரை போட்ட நாளுக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு என்று குறித்து வந்தேன். மூன்றாவது மாதத்தில் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. கோடுகள் இன்னும் குறைந்தன. வலி முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் வந்தாலும் பழைய வேகம் இல்லை, அரை நாளிலேயே எழுந்து வேலை பார்க்க முடிகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம். மாத்திரையோடு சேர்த்து, மூட்டை இறங்கியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுகிறேன். அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

செல்லூர் தறிக்காரர்:

அக்கா, எனக்கு இது கைகொடுக்கவில்லை. அதையும் எழுதினால்தானே சரி. விசைத்தறிச் சத்தம் எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் வலி வரும் நாளில் அதே சத்தம் மண்டைக்குள் இறங்கும். முதலில் கொடுத்தது மக்னீசியம் ஆக்சைடு. வயிறு கழன்றுவிட்டது, தறியை நிறுத்திவிட்டு ஓட வேண்டியதாயிற்று. டாக்டரிடம் சொன்னதும் மக்னீசியம் கிளைசினேட் என்ற வேறு வகைக்கு மாற்றினார், வயிறு சரியானது. சொன்ன மூன்று மாதமும் விடாமல் போட்டேன், தலைவலி மட்டும் அப்படியே இருந்தது. இப்போது ப்ரொப்ரனோலால் என்ற வேறு தடுப்பு மருந்து ஓடுகிறது. அது எனக்கு நன்றாகக் கேட்கிறது. மக்னீசியத்தில் குறையவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம், தடுப்பு மருந்து வேறு பல இருக்கின்றன.

திருமங்கலம் டீச்சர்:

எனக்கு மாதவிலக்கை ஒட்டித்தான் வரும். என் டாக்டர் சுழற்சியின் 15-ஆம் நாளிலிருந்து மாதவிலக்கு தொடங்கும் வரை மட்டும் போடச் சொன்னார். அந்த நாட்களில் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே கண் கூசும். இப்போது பெரும்பாலான மாதங்களில் லீவு போடாமல் சமாளிக்கிறேன். சாப்பாட்டிலேயே இதைச் சரிக்கட்ட முடியாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேழ்வரகு, கம்பு, உளுந்து, எள், நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் மக்னீசியம் இருக்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தது மாத்திரையாகவோ பொடியாகவோதான்.

மெடிக்கல் ஷாப், அண்ணா நகர்:

கவுன்டரில் தினமும் கேட்கிற கேள்விகள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் "எலிமென்டல் மக்னீசியம்", அதாவது மாத்திரையில் உண்மையில் இருக்கும் மக்னீசியம் மட்டும், எவ்வளவு என்று தேடுங்கள். ஆக்சைடின் எடையில் சுமார் 60 சதவீதம் மக்னீசியம், சிட்ரேட்டில் சுமார் 16, கிளைசினேட்டில் சுமார் 14. ஆக்சைடு விலை குறைவு, ஆனால் உடம்பு உறிஞ்சுவதும் குறைவு, வயிற்றையும் இளக்கும். ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 400 முதல் 600 மில்லிகிராம். அது எலிமென்டல் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆதாரம் உண்டா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். 1996-இல் ஜெர்மனியில் 81 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. தினம் 600 மில்லிகிராம், 12 வாரம். கடைசி வாரங்களில் மக்னீசியம் எடுத்தவர்களுக்கு வலி வரும் தடவைகள் சுமார் 42 சதவீதம் குறைந்தன, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 16 சதவீதம். அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. 2012-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் தலைவலிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதை "அநேகமாகப் பலன் தரும்" என்ற வரிசையில் வைத்தது. தறிக்கார அண்ணனுக்குக் கேட்காமல் போனதிலும் ஆச்சரியம் இல்லை.

ரத்தத்தில் மக்னீசியம் நார்மல் என்று வந்ததே, பிறகு எதற்கு மாத்திரை என்பார்கள். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் ஓடுகிறது. மிச்சமெல்லாம் எலும்பிலும் தசையிலும் மற்ற திசுக்களிலும் இருக்கிறது. அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரமாவது விடுங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடும்போதும் சேர்த்து விழுங்கக் கூடாது, எத்தனை மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி:

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகத்தான் ஒரு பக்கமாகத் தலை வலிக்கிறது என்கிறார்கள், முன்பெல்லாம் வந்ததே இல்லை. சுகர் இருக்கிறது, கிட்னியும் லேசாகப் பாதித்திருக்கிறது. இந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா?

பூ மார்க்கெட் கணக்கு:

வேண்டாம் தம்பி, தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னி பாதித்தவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் மக்னீசியம் தரவே கூடாது. அதைவிட முக்கியம், 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று நாமே பேர் வைத்துவிட முடியாது. நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் வீங்கினாலும் இப்படி ஒரு பக்கம் வலிக்கும், கவனிக்காமல் விட்டால் கண் பார்வையே போகலாம். மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை சீவினால் எரிகிறதா, கண் மங்குகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் இன்றைக்கே கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். மதுரைக்கு வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சுகர், கிட்னி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.