பெரிய வீட்டு குரூப்: பிப்ரவரி 15ஆம் தேதி யாரு?

செல்வி: லின்னோட ஆ மாவை (பாட்டியை) ஞாயித்துக்கிழமை காலையில பீச் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். லின்னுக்கு ஷிஃப்ட். யாராவது வர்றீங்களா? வீல்சேர் தள்ளணும்.

குமார்: சாப்ஸ்டிக்ஸுக்கா?

சந்திரன் மாமா: விளையாட்டாப் பேசாத. போர்ல செத்த பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம் அது. நாலு தூண், நாலு இனம். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு அன்னைக்குத்தான் சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் சரணடைஞ்சான். மூணே நாள்ல ஜப்பான்காரன் சீன ஆம்பளைங்களை விசாரணைக்குன்னு கூப்பிட்டு, லாரியில ஏத்தி, சாங்கி, பொங்கோல், சிக்லாப்னு கொண்டுபோய் சுட்டான். அவன் கணக்கு 5,000 சொச்சம். சீனங்க சொல்றது 50,000 வரைக்கும். 1962ல சிக்லாப்ல தோண்டுறப்ப எலும்பு

மாலா: மாமா கை வலிக்கலயா

சந்திரன் மாமா: முடிக்க விடு. அந்த எலும்பையெல்லாம் 600க்கு மேல தாழியில வச்சு தூணுக்கு அடியில புதைச்சாங்க. 1967 பிப்ரவரி 15 லீ குவான் இயூ திறந்தார்.

கலா அத்தை: அன்னைக்கு சிவராத்திரி. நான் விரதம்.

குமார்: கோயில் ராத்திரிதானே அத்தை

கலா அத்தை: தீபாவளிக்குக் குடுத்த என் மூணு அடுக்கு கேரியர் எங்க செல்வி?

ரவி: சயாம் ரயில் வேலைக்குப் போய் வராத நம்ம சின்னத் தாத்தாவுக்கு எங்க தூணு?

சந்திரன் மாமா: நாலுல ஒண்ணு நம்மளுதுடா. தமிழ்லயும் எழுதியிருக்கு, போய்ப் பாரு.

செல்வி: ஆ மாவுக்கு அப்ப 6 வயசு. தண்ணி பாட்டிலோட போன அப்பா திரும்பல. பக்கத்து வீட்டுக்காரர் கையில முத்திரை குத்தி, போகலாம்னு விட்டாங்களாம், அழிஞ்சிரும்னு நாள்கணக்கா கையே கழுவலயாம். அப்பாவை எங்க சுட்டாங்கன்னு தெரியாது, அதான் வருசாவருசம் அங்க ஒரு ஆரஞ்சு வைப்பாங்க. தோலைக் கொஞ்சம் கீறி வைப்பாங்க. அப்பா நகத்தைக் கடிச்சுக் கடிச்சு, உரிக்கவே வராதாம்.

மாலா: ஐயோ

செல்வி: கேரியர் ஆ மாகிட்டதான் இருக்கு அத்தை. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க.

சந்திரன் மாமா: கல்யாணத்துக்கே வராதவளுக்கு 😄

கலா அத்தை: அண்ணே, சும்மா இருங்க.

குமார்: அங்க பார்க்கிங் கிடைக்குமா? எம்ஆர்டினா எஸ்பிளனேட்ல இறங்கணும்

ரவி: சாயங்காலம் 6:20க்கு, சரணடைஞ்ச நேரம்னு சைரன் அடிக்கும், ஆ மா பயந்துக்குவாங்க. அதுக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க

செல்வி: முதல்ல யாரு வர்றீங்கன்னு சொல்லுங்க

குமார்: பாக்குறேன் க்கா

மாலா: நானும் கேட்டுட்டு சொல்றேன்

கலா அத்தை: காலையில எத்தனை மணிக்கு?