12 நிமிஷ க்ரைம் காமெடிக்குத் தலைப்பு: ‘வினாத்தாள்’ சரியா வருமா?

கிளாப்போர்டு:
காலேஜ் குறும்படம். மூணு பேர் ராத்திரி தேர்வுத்துறை அறைக்குள்ள புகுந்து கேள்வித்தாளை எடுக்குறாங்க. ஜெராக்ஸ் போடும்போது ஒரிஜினல் மெஷினுக்குள்ள சிக்கிடுது. விடியறதுக்குள்ள அதைக் கிழியாம வெளிய எடுக்கணும். இதுவரைக்கும் வந்த தலைப்புகள்: வினாத்தாள், ஆபரேஷன் அரியர், மூணு மாக்கான்கள், பிட்டுக்கு மண் சுமந்தவர்கள். ஷூட் முடிஞ்சாச்சு, எடிட் ஓடுது. எதை வைக்கலாம்? சரியா இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?

வசனப்பெட்டி:
‘வினாத்தாள்’ வேண்டாம். கல்வி முறையைக் கேள்வி கேட்கிற படம்னு நினைச்சு உட்காருவாங்க. முதல் ஜோக்குக்குச் சிரிக்கலாமா கூடாதான்னு தயங்கியே 2 நிமிஷம் போயிடும். 12 நிமிஷத்துல 2 நிமிஷம்னா சும்மாவா?

‘மூணு மாக்கான்கள்’ல குற்றமே இல்லை. அவனுங்க மாக்கான்கள்னு ஆடியன்ஸே கண்டுபிடிக்கிறதுதான் காமெடி, அதை நீங்களே போஸ்டர்ல போட்டு உடைக்கறீங்க. ‘ஆபரேஷன்’, ‘மிஷன்’னு ஆரம்பிக்கிற தலைப்பெல்லாம் தேய்ஞ்சு போன ரப்பர் ஸ்டாம்ப்.

கதையைச் சுருக்கித் தலைப்பாக்காம, திருட்டுக்கும் படிப்புக்கும் பொதுவா இருக்கிற சொல்லைத் தேடுங்க. ஒரு தாள்ல நடுவுல கோடு போட்டு, இடப்பக்கம் களவுச் சொற்கள், வலப்பக்கம் பரீட்சைச் சொற்கள், ஒவ்வொண்ணும் 20 எழுதுங்க. ரெண்டு பக்கத்துலயும் வர்ற சொல்தான் உங்க சரக்கு. உதாரணமா ‘அடிக்கிறது’. பணத்தை அடிக்கிறான், பிட் அடிக்கிறான், காப்பி அடிக்கிறான். ‘சுடுறது’ம் அப்படித்தான். அடுத்து, எல்லாருக்கும் தெரிஞ்ச சொலவடையில ஒரு சொல்லை மாத்துங்க, இல்லைன்னா பாதியில வெட்டுங்க:

கையும் களவும் → கையும் காப்பியும்
ஈயடிச்சான் காப்பி → ஈயடிச்சான்

ரெண்டாவதுல ‘காப்பி’யைப் படிக்கிறவனே மனசுக்குள்ள சேர்த்துப்பான். ‘அடிச்சான்’ல திருட்டும் இருக்கு.

தேடுபொறி:
‘பிட்டுக்கு மண் சுமந்தவர்கள்’ நல்ல சிலேடை, ஆனா தேடினா சிக்கல். திருவிளையாடல் சொற்பொழிவு வீடியோக்களுக்கு அடியில உங்க படம் புதைஞ்சிடும். ‘பிட்டு’ன்னு சுருக்கினா இன்னும் மோசம், என்ன மாதிரி படங்கள் வரும்னு சொல்லத் தேவையில்லை.

எந்தத் தலைப்பா இருந்தாலும் நாலு தடவை தேடுங்க: தமிழ் எழுத்துல, ஆங்கில எழுத்துல, ரெண்டையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு, கடைசியா பின்னாடி ‘குறும்படம்’ சேர்த்து. தலைப்புக்கு மட்டும்னு தனியா காப்புரிமை பொதுவா கிடைக்காது. அதனால வழக்கு வருமாங்கிறதை விட, அதே பேர்ல ஏற்கெனவே பிரபலமா ஒரு படம் இருந்தா உங்களுது கண்ணுக்கே படாதுங்கிறதுதான் கவலை.

‘கையும் காப்பியும்’ எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா ஆங்கில எழுத்துல எழுதிப் பாருங்க. ‘கா’வுக்கு ஒரு ஏயா ரெண்டா, ‘ப்பி’க்கு ஒரு பியா ரெண்டா? ஆளுக்கொரு விதமா அடிப்பாங்க. தமிழ்லயே ‘காபி’ன்னு எழுதினா வெறும் குடிக்கிற காபி ஆயிடும், சிலேடை செத்துடும்.

திருவிழாப் படிவங்கள்ல மூலத் தலைப்பு, ஆங்கிலத் தலைப்புன்னு தனித்தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்கும். ஆங்கிலத் தலைப்பு நேர் மொழிபெயர்ப்பா இருக்கணும்னு இல்லை. ‘பேப்பர் ஜாம்’ இந்தக் கதைக்குக் கச்சிதம், ஆனா 2015ல ‘மாரியோ & லூயிஜி: பேப்பர் ஜாம்’னு ஒரு நின்டெண்டோ கேம் வந்திருக்கு, தேடினா அதோட மோத வேண்டியிருக்கும். ‘ஜாம்’ மட்டும் வெச்சாலும் தப்பிக்க முடியாது.

டைட்டில்கார்டு:
நான் ‘ஈயடிச்சான்’ பக்கம். ‘ஈ’ எழுத்துக்குள்ள ரெண்டு புள்ளி இருக்கு பாருங்க, அதுல ஒண்ணை ஈயா வரைஞ்சா போஸ்டர் வேலை பாதி முடிஞ்சது. ரெண்டையும் மாத்தினா எழுத்து கெட்டுடும், ஒண்ணு போதும்.

1920×1080ல நாலு ஓரத்துலயும் 5% விட்டு, 1728×972 கட்டத்துக்குள்ள தலைப்பு அடங்கணும். நிக்க வேண்டிய நேரம், மெதுவா ரெண்டு தடவை வாய்விட்டுப் படிக்கிற அளவு. இதுக்கு 3 நொடி, அதாவது 24 பிரேம் வேகத்துல 72 பிரேம். படத்தோட ஆரம்பத்துல போடாதீங்க. மெஷின் சிக்கி சிவப்பு விளக்கு எரிஞ்சதும் கட் பண்ணிப் போடுங்க, தலைப்பே ஒரு ஜோக்கா விழும்.

எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நேரா தமிழ் அடிச்சா ‘கொ’, ‘கெ’ மாதிரி எழுத்துகள்ல கொம்பு இடம் மாறி நிக்கலாம். எழுத்து அமைப்புல தெற்காசிய மொழி ஆதரவை இயக்கணும். அப்பவும் சரியா வரலைன்னா இங்க்ஸ்கேப்ங்கிற இலவச வரைகலை சாஃப்ட்வேர்ல செஞ்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்து வைங்க.

கிளாப்போர்டு:
‘ஈயடிச்சான்’ பிடிச்சிருக்கு. ஆனா படத்துல ஈயே இல்லையே?

வசனப்பெட்டி:
ஒரு இன்சர்ட் ஷாட், அதாவது நடுவுல சொருகுற குளோசப் எடுங்க. முதல் பிரதி வெளிய வருது, 7-வது கேள்வி மேல கறுப்பா ஒரு ஈ. 2 நொடி போதும்.

ஒரு எச்சரிக்கை. ஈ மெஷினோட கண்ணாடியில நசுங்கியிருக்கணும், தாளும் கண்ணாடி மேல வெச்சு மூடிப் போட்ட பிரதியா இருக்கணும். மேலே இருக்கிற, தாளைத் தானா இழுக்கிற ஃபீடர் வழியாத் தாள் ஓடும்போது, குறுகலான கண்ணாடிப் பட்டை மேலதான் நகர்ந்து போகும். அதுல அழுக்கு இருந்தா புள்ளியா விழாது, பக்கம் முழுக்க நீளக் கோடா இழுக்கும். ஜெராக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் போதும், ஷாட்டைப் பார்த்துச் சிரிக்க. முதல் பக்கம் கண்ணாடியில வெச்சு எடுக்கறாங்க, நேரமாகுதுன்னு மிச்சத்தை ஃபீடர்ல போடறாங்க, அங்க சிக்குதுன்னு வெச்சா ரெண்டும் பொருந்தும்.

சோதனைக்கு, கதை தெரியாத 10 பேருக்குப் போன் போட்டு தலைப்பை ஒரே ஒரு தடவை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்க. மூணு பேருக்கு மேல தப்பா எழுதினா காதுக்குப் பிடிபடலைன்னு அர்த்தம். ‘நல்லாருக்கா’ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. ‘இதுல என்ன நடக்கும்னு நினைக்கறீங்க’ன்னு கேளுங்க. பதில்ல ஒரு தில்லுமுல்லும் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரணும்.

தேடுபொறி:
ஒரே சொல்லா எழுதுங்க. ‘ஈ அடிச்சான்’னு பிரிச்சா யாரோ ஈயை அடிச்ச செய்தி ஆயிடும். ஆனா பிரிச்சும் தேடுவாங்க, அதனால யூடியூப் விவரத்துல ரெண்டு வடிவமும் இருக்கட்டும்.