கோல்டன் கேட் பாலத்தை அம்மாவுடன் நடந்து கடக்க ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் நானும் அம்மாவும் வரும் ஜூலையில் கலிஃபோர்னியாவிலுள்ள தம்பி வீட்டுக்குச் செல்கிறோம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் தொங்கு பாலத்தை நடந்தே கடக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. சென்னைத் துறைமுகத்தில் கிரேன் இயக்கிய அப்பா, இரும்பு வடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 1937இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரண்டு பெரிய வடங்களில் ஒவ்வொன்றிலும் 27,572 கம்பிகள் இருப்பதையும், இரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட 1,280 மீட்டர் நீளப் பாதை அவற்றில்தான் தொங்குகிறது என்பதையும் வியந்து சொல்வார். அப்பா இப்போது இல்லை. அந்த வடத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா.

அவருடைய முழங்கால் வலிதான் என் கவலை. ரயில் நிலைய நடைமேம்பாலத்தில்கூட, கைப்பிடியைப் பற்றி நின்று, வலி தணிந்த பிறகே அடுத்த படியில் கால் வைக்கிறார். பாலத்தின் மொத்த நீளமோ ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர்.

நடப்பவர்களுக்கான கிழக்குப் பக்க நடைபாதையில் முதியவர்களை அழைத்துச் சென்றவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். வழியில் உட்கார்ந்து இளைப்பாற வசதி உண்டா? சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்வது எளிதா? தம்பி காருடன் வடக்கு முனையில் காத்திருப்பது நல்லதா, பாதி தூரம் சென்று திரும்புவது நல்லதா? ஜூலையில் மூடுபனியும் குளிர்காற்றும் அதிகம் என்பதால், எந்த நேரம் அம்மாவுக்கு ஏற்றது என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.