மாருதி 800: ஏர் எடுத்தும் பிரேக் பெடல் இறங்குது

குளச்சல்:
1997 மாடல். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். பின் வீல் சிலிண்டர் ரெண்டும் புதுசா மாத்தியாச்சு. மூணு வீல்ல ஏர் எடுத்தாச்சு, அதாவது ஆயில் லைன்ல புகுந்த காத்தை வெளியேத்தியாச்சு. வலது முன் வீல்ல அந்தக் காத்தைத் திறந்துவிடுற நிப்பிள் துருவேறி அசையல. முதல் சவுட்டுக்கு பெடல் முக்கால்வாசி கீழ போகுது, மூணு தடவை அடிச்சா மேல வருது. பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்துற மாஸ்டர் சிலிண்டர் போயிட்டா?

தக்கலை:
மாஸ்டரைக் கழற்றாதீங்க அண்ணே. பெடலை அடிச்சு மேல கொண்டுவந்து, அரை நிமிஷம் ஒரே அழுத்தமா சவுட்டிப் பிடிங்க. மெதுவா இறங்கினா எங்கயோ ஒழுகுது, அல்லது மாஸ்டருக்குள்ள இருக்குற ரப்பர் கப் ஆயிலை உள்ளுக்குள்ளயே விடுது. நிலைச்சு நின்னா மாஸ்டர்மேல பழி போட வேண்டாம்.

அடுத்து ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து வச்சுட்டு சவுட்டுங்க. பெடல் மேலயே நின்னா பின் ஷூவுக்கும் (டிரம்மை உள்ள இருந்து அழுத்துறது) டிரம்முக்கும் உள்ள இடைவெளிதான் காரணம். டிரம் கழற்ற அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருப்பீங்க, திரும்ப வைக்க மறந்திருக்கும். டிரம்மைக் கையால சுத்தும்போது ஷூ லேசா உரசுற சத்தம் கேக்கணும். அதுக்கு அப்புறம்தான் ஏர் எடுக்கணும்.

மார்த்தாண்டம்:
அந்த வலது முன் நிப்பிளை விட்டா, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்ல உள்ள ஏர் அங்கயேதான் இருக்கும். கடல் காத்துல இது சகஜம். துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலைல நிப்பிள் தலையில சின்ன சுத்தியலால நாலு தட்டு, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் அசைச்சுட்டுத் திறங்க. ரிங் ஸ்பானர் மட்டும். ஓப்பன் ஸ்பானர் போட்டா தலை மழுங்கிடும். உடைஞ்சா காலிப்பரே போச்சு.

ஸ்டியரிங் வலது பக்கம், மாஸ்டரும் அங்கதான். அதனால தூரத்துல இருந்து வாங்க: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். இஞ்சின் ஆஃப். நிப்பிள்ல டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டில்ல ஆயிலுக்குள்ள முக்கி வைங்க. ஒருத்தர் சவுட்டிப் பிடிக்கணும், நீங்க கால் சுத்து திறந்து, மூடுனதுக்கு அப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். காலை முந்தி எடுத்தா, வெளிய போன ஏர் திரும்ப உள்ள வரும். அஞ்சாறு சவுட்டுக்கு ஒருதடவை மாஸ்டர் மேல உள்ள ஆயில் டப்பாவைப் பாருங்க. அது காலியானா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

நாகர்கோவில்:
சில விஷயம் விட்டுப்போச்சு. பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க. பழைய மாஸ்டர்ல பிஸ்டன் வழக்கமா போகாத அடிப்பகுதியில துருவும் அழுக்கும் படிஞ்சிருக்கும். தரை வரைக்கும் சவுட்டினா கப் அதுல உரசிக் கிழியும். நல்லா இருந்த மாஸ்டர் ஏர் எடுத்த அன்னைக்கே போறது இப்படித்தான்.

காலிப்பர்ல நிப்பிள் மேல்பக்கம் இருக்கணும். இடது வலது மாத்தி மாட்டியிருந்தா நிப்பிள் அடியில வரும், எத்தனை லிட்டர் ஊத்தினாலும் ஏர் போகாது.

பிரேக் ஆயில் டாட் 3 தரம் போதும், டாட் 4 கலந்தாலும் தப்பில்ல. சிலிக்கான் டாட் 5 வேண்டவே வேண்டாம். திறந்து வச்ச பழைய பாட்டிலையும் ஊத்தாதீங்க. டாட் 3 புதுசா 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் இழுத்தா 140லயே கொதிக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் மலை இறங்கும்போது ஆவியாகி பெடல் வெறுமனே போகும். ரப்பர் பார்ட்டை மண்ணெண்ணெய், பெட்ரோல்ல கழுவினா ஊதிடும்.

குளச்சல்:
ஹேண்ட் பிரேக் இழுத்தா பெடல் பாதிக்கு மேல வருது, ஆனா பஞ்சு மாதிரி.

தக்கலை:
அப்போ ஷூ இடைவெளி, ஏர் ரெண்டும் இருக்கு; பஞ்சு மாதிரி இருக்குறது ஏராலதான். ஷூவை முதல்ல வைங்க, பிறகு அந்த வலது முன் நிப்பிள். திறந்ததும் புதுசா ஒண்ணு போட்டு, மேல ரப்பர் தொப்பியும் மாட்டுங்க.