பிகே வைரஸ் வந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி 7 மாதம் ஆகிறது; கொடுத்தது அம்மா. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.2-லேயே நின்றதால் நிம்மதியாக இருந்தோம். போன வாரம் ரத்தத்தில், மாற்றிய கிட்னியைக் கெடுக்கக்கூடிய பிகே வைரஸ் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மைக்கோபினோலேட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இந்த மருந்தைக் குறைத்தால் உடம்பே வைரஸைப் பார்த்துக்கொள்ளும் என்கிறார். சரி, ஆனால் அதே உடம்பு கிட்னியையும் எதிர்க்க ஆரம்பித்தால்?

அப்புறம் புற்றுநோய் பயம் வேறு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் அம்மாவுக்கு எப்போதோ வந்துபோயிருக்கிறது, தம்பிக்கு வந்ததில்லை. கொடுத்தவரின் கிட்னி வழியாக அந்த வைரஸ் புதிதாக வரலாம் என்பதால், இப்படி அமைந்தால் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுதலாம். அதைக் கேட்டதிலிருந்து தினமும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று கட்டி இருக்கிறதா தடவிப் பார்க்கிறான். விரலில் இருக்கும் பழைய மருவைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறான், பாவம்.

மருந்தைக் குறைத்தபின் வைரஸ் அளவு இறங்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது? எப்ஸ்டீன்-பாருக்கு ரத்தப் பரிசோதனை எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்தார்கள்? மருவுக்குத் தோல் டாக்டரைப் பார்த்தீர்களா?

மருந்து யோசனை வேண்டாம், அது டாக்டர் வேலை. வியாழக்கிழமை அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று சொன்னால் போதும்.