மிஸ்டரி நத்தைக்கு ஓடு அரிக்கிறது, குட்டியும் இல்லை: உதவி தேவை

குட்டித்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டடி மீன் தொட்டி, சுமார் 60 லிட்டர். அஞ்சு மாசத்துக்கு முன்னால் சென்னை கொளத்தூரில் நாலு மிஸ்டரி நத்தை (மீன் தொட்டியில் வளர்க்கும் நத்தை) வாங்கினேன். அப்போது கோலிக்குண்டு அளவு, இப்போது பெரிய நெல்லிக்காய் அளவு. கூட எட்டு கப்பி மீன் மட்டும்.

பிரச்சினை ஓட்டில்தான். சுருளின் நுனி வெளுத்து, காரை உதிர்ந்த சுவர் மாதிரி குழி குழியாக இருக்கிறது. வாய்ப்பக்கம் புதிதாக வளரும் விளிம்பு நகத்தால் தொட்டாலே பிளக்கிறது. வீட்டு போர் தண்ணீரில் பக்கெட்டெல்லாம் வெள்ளையாகப் படிவதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 45, பி.எச். 6.4. முன்னால் ஃபைட்டர் மீன் வளர்த்த பழக்கத்தில் பாதாம் இலையும் போட்டு வைக்கிறேன். சாப்பாடு தினமும் ஒரு ஆல்கே வேஃபர் (பாசி வில்லைத் தீவனம்).

கடைக்காரர் "ஜோடி ஜோடியாகத்தான் கொடுத்திருக்கேன்" என்றார். இதுவரை ஒரு குட்டிகூட இல்லை. எங்கே தப்பு?

பழைய மோட்டார்:
ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்க. எந்த நோயும் அண்டாது.

ஓட்டுவீடு:
மோட்டார் அண்ணா கோவிச்சுக்காதீங்க, உப்பு வேண்டாம். இது நோயே இல்லை, நத்தை தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறது.

மேடம், நத்தை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதேதான். ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. பி.எச். 7-க்குக் கீழே போனால், அதாவது தண்ணீர் அமிலமானால், இருக்கிற ஓட்டையும் தண்ணீர் தின்னும். போதாததற்குப் பாதாம் இலை வேறு அமிலத்தைக் கூட்டுகிறது. ஃபைட்டருக்கு அமிர்தம், நத்தைக்கு ஆகாது. முதலில் அந்த இலையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது என்று விரட்டினீர்களே, நத்தை தேடுவதே அதைத்தான். போர் தண்ணீரையே கொடுங்கள், ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் எடுத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றுங்கள். பி.எச். 7.5 பக்கம் வந்து நின்றால் போதும். போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால் மட்டும் ஆர்.ஓ. பாதி கலந்துகொள்ளலாம்.

அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது, கிளிக்குக் கூண்டில் தொங்கவிடுவார்களே. பொடி வேண்டாம், முழுத் துண்டு. அப்படியே போட்டால் மிதக்கும். கொதிக்க வைத்துப் போட்டால் ஓரிரு நாளில் அடியில் போய்விடும். நத்தைகள் ஏறி உட்கார்ந்து அரத்தால் ராவுவது போல ராவும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: அரித்துப்போன நுனி திரும்ப வராது. இனி வளரும் விளிம்பு கெட்டியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கீரைக்கட்டு:
வேஃபர் மட்டும் போதாது. சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய், எது இருந்தாலும் ஒரு வில்லை, லேசாக வேகவைத்து சாயங்காலம் போடுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்துப் புட்டியைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். தாமிரம், மயில்துத்தம் என்று இருந்தால் நத்தை தப்பாது. எனக்கு ஆறு நத்தை ஒரே ராத்திரியில் போனது அப்படித்தான்.

குட்டித்தொட்டி:
ரொம்ப நன்றி. இலையை எடுத்துவிட்டேன், கடல்நுரையும் வாங்கியாச்சு. ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது? எல்லா நத்தையும் இருபால் என்று படித்தேனே?

ஓட்டுவீடு:
தோட்டத்து நத்தை அப்படி. மிஸ்டரியில் ஆண் வேறு, பெண் வேறு. கையில் எடுத்து மல்லாக்கப் பிடியுங்கள். கொஞ்சம் பொறுத்தால் ஓட்டு வாயில் இருக்கும் மூடியைத் திறந்து உடம்பை நீட்டும். அப்போது ஓட்டுக்குள், அதன் வலது தோள் பக்கம், தடித்த வெளிர்நிற மடிப்பு தெரிந்தால் ஆண்.

இந்த நத்தை தண்ணீருக்குள் முட்டையிடாது. ராத்திரியில் ஏறி வந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே கண்ணாடியிலோ தொட்டி மூடியின் அடியிலோ இளஞ்சிவப்பாக ஒரு முட்டைக் கொத்து ஒட்டிவிட்டுப் போகும். உங்கள் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா?

குட்டித்தொட்டி:
ஐயோ. போன மாதம் மூடியின் உள்பக்கம் ரோஸ் கலரில் சின்ன தேன்கூடு மாதிரி ஏதோ இருந்தது. பூஞ்சை என்று நினைத்து ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதற்கு முன்னாலும் ஒரு தடவை.

கீரைக்கட்டு:
😄 அப்போ கடைக்காரர் சொன்னது பொய்யில்லை!

ஓட்டுவீடு:
விடுங்க மேடம், நானும் முதல் கொத்தைக் கத்தியால் சுரண்டியவன்தான். பெண் நத்தை விந்தைப் பல மாதம் சேர்த்து வைத்திருக்கும், அதனால் திரும்ப இடும்.

தண்ணீரை நாலு விரற்கடை குறைத்து வையுங்கள். மூடி இருக்கட்டும், இல்லாவிட்டால் ராத்திரி வெளியே இறங்கி நடந்துவிடும். கொத்து விழுந்தால் முதல் நாள் தொடாதீர்கள், முட்டை மெத்தென்று இருக்கும். பிறகு கெட்டியாகிவிடும். அதே இடத்தில் இருப்பதே நல்லது. தண்ணீருக்குள் விழுந்தால் மட்டும் உள்ளே இருக்கும் கரு மூச்சு முட்டிச் செத்துவிடும். இடம் மாற்றியே ஆக வேண்டுமானால் மெல்லத் தள்ளி எடுத்து, ஈர டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்து மூடி, தொட்டியிலேயே மிதக்க விடுங்கள். ஈரம் வேண்டும், சொட்டக் கூடாது.

இரண்டு முதல் நாலு வாரத்தில் பொரிக்கும். குட்டிகள் கடுகு அளவுதான், ஃபில்டர் வாயில் இன்றைக்கே ஸ்பாஞ்ச் கட்டிவிடுங்கள்.

கொத்துக்கு நூறு குட்டிகூட வரலாம். மிஞ்சினால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். இது தென்னமெரிக்க நத்தை. இதன் பங்காளி ஒன்றை 1980-களில் தின்பதற்கென்று பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள், அது நெல் நாற்றைத் தின்று தீர்த்தது.

குட்டித்தொட்டி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பி.எச். 7.4. இரண்டு நத்தைக்கு விளிம்பில் ஒரு நூல் அகலம் புது ஓடு, பளபளவென்று. இன்று காலை மூடியில் ஒரு கொத்து! வீட்டில் ஸ்க்ரப்பரை ஒளித்து வைத்துவிட்டார்கள்.