ஊர்க் கலைவிழா, 2 நாள்: கரகம், தப்பு, ஒயில், நாடகம். எதை எங்கே வைக்கிறது?

மேலூர்க்காரன்:
வைகாசியில எங்க ஊர் கலைவிழா. முதல் நாள் தப்பாட்டம், ஒயிலாட்டம், நையாண்டி மேளத்தோட கரகாட்டம். ரெண்டாம் நாள் வள்ளி திருமணம் நாடகம். கூட்டம் 1,500 பேர் வரும். இடம் ஊர் மந்தை, திறந்த பொட்டல். மேடை 20க்கு 16 அடி. போன விழாவுல சவுண்டு பூரா "ங்ங்"னு இரைச்சல், தவில்ல பாட்டு அமுங்கிப்போச்சு, நிகழ்ச்சி எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளிப்போச்சு. ஆர்கெஸ்ட்ரா போட்டுப் பழகின ஊரு. இந்தக் கலைகளுக்கு மேடை, சவுண்டு, நேரம் எப்படி வைக்கணும்? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

ரேடியோசெட்:
தம்பி, முதல்ல கரகத்தையும் தப்பையும் மேடையை விட்டு இறக்குங்க. ரெண்டும் தரையில ஆடுறது. மேடையில கார்ப்பெட் விரிச்சா கரகக்காரங்களுக்கு கால் வழுக்கும், பலகை அதிர்ந்தா தலையில இருக்குற செம்பு ஆடும். மேடைக்கு முன்னாடி 30 அடி வட்டம் கயிறு கட்டிப் பிடிங்க. காலையிலேயே கல்லு, நெருஞ்சி முள் பொறுக்கிடணும். சாயங்காலம் 4 மணிக்கு தண்ணி தெளிங்க, புழுதி அடங்குற அளவுக்கு மட்டும். ஊத்திவிட்டா சேறாயிரும்.

இரைச்சலுக்கு வருவோம். பெரும்பாலும் சீரியல் செட்டும் (அலங்கார பல்பு சரம்) சவுண்டும் ஒரே லைன்ல ஓடுறதும், எர்த் இல்லாததும்தான் காரணம். கணக்கு இது: சவுண்டு 5 கிலோவாட், மேடை லைட் 3, டியூப்லைட்டும் சீரியலும் 3, ஆக 11. 15 கேவிஏ ஜெனரேட்டர் திணறும், 25 கேவிஏ எடுங்க. பாதி லோடுல மணிக்கு 3லிருந்து 4 லிட்டர் டீசல் குடிக்கும். சவுண்டுக்கு ஒரு ஃபேஸ் தனியா, சீரியலுக்கு வேற ஃபேஸ். எர்த் கம்பியை ஜெனரேட்டர் பக்கத்துல ஈர மண்ணுல அடிச்சு, அப்பப்ப தண்ணி ஊத்துங்க. நியூட்ரல் வயரை யாராவது பல்லால கடிச்சு முறுக்கி விட்டிருந்தா உடனே அவுத்து போல்ட்டு போட்டு இறுக்கச் சொல்லுங்க. மூணு ஃபேஸ்ல நியூட்ரல் கழண்டா 230 வோல்ட் வரவேண்டிய இடத்துக்கு 350, 400 வரைக்கும் ஏறும். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் எல்லாம் ஒரே நிமிஷத்துல போயிரும்.

தவிலுக்கு மைக்கே வேண்டாம், அதுவா கேட்கும். நாதசுரத்துக்கு மட்டும் வைங்க. அணசுக்குள்ள (அடியில விரிஞ்ச வாய்) திணிக்காம ரெண்டடி தள்ளி, கொஞ்சம் மேலே. துளைகள்ல இருந்தும் சத்தம் வருதுல்ல. கரகத்தோட மேளமும் நகருறதால ஸ்டாண்டு மைக் பின்னாடியே ஓடாது. வட்டத்து ஓரத்துல 4 அடி உயரத்துல ரெண்டு மைக் போதும். ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் மைக்குக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி வச்சா விசில் அடிக்கும். கூட்டத்துக்கு நடுவுல 80 அடியில ரெண்டு பாக்ஸ் வைக்கிறீங்கன்னா அதுக்கு 70 மில்லி செகண்ட் டிலே போடச் சொல்லுங்க, அதாவது சத்தத்தை அவ்வளவு தாமதிச்சு விடணும். இல்லேன்னா பின்னாடி இருக்குறவங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேட்கும். எக்கோவைக் கூட்டினாத்தான் சவுண்டு கெத்துன்னு நம்ம பக்கத்து ஆபரேட்டர்களுக்கு ஒரு எண்ணம். நாடகத்தன்னிக்கு அந்தக் குமிழைத் தொடவே விடாதீங்க.

பின்பாட்டு:
நாடகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஓர் ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். ஆகவே புக் செய்யும்போது சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது இருவரும் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவார்கள் என்று. சுருதி ஒத்துவராத ஜோடி என்றால் தர்க்கம் (பாட்டும் பேச்சுமாக நடக்கும் வாதம்) எடுபடாது. ஆர்மோனியம் அனுபவசாலியாக இருக்கட்டும், நாடகத்தை இழுத்துச் செல்வது அவர்தான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பல தாளக் கருவிகள் வாசிப்பவர்): இத்தனை பேரும் தனித்தனிச் சம்பளம். வண்டி வாடகை, சாப்பாடு சேர்த்தா தனியா என்பதை அச்சாரம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கப்படி இரவு 10 மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடப்பது. இப்போது ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் 7 மணிக்கே தொடங்கிச் சுருக்கி நடத்துவது நல்லது. எதைச் சுருக்குவது என்பதில்தான் ஊர்கள் கோட்டை விடுகின்றன. பபூனும் டான்ஸும் ஒன்றரை மணி நேரம் போய்விட்டால், வள்ளி தினைப்புனத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். பபூன், டான்ஸ் இரண்டுக்கும் சேர்த்து 40 நிமிடம் என்று முன்பே பேசுங்கள். நாரதர் தர்க்கத்துக்கு 45 நிமிடம், வேடன் தர்க்கத்துக்கு ஒரு மணி நேரம் குறையக் கூடாது. இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டைக் கேட்கத்தானே பெரியவர்கள் பாய் போட்டு உட்காருகிறார்கள்.

ஒப்பனைக்குக் கதவு உள்ள அறை, பெரிய கண்ணாடி, பளிச்சென்ற விளக்கு, பெண்களுக்குத் தனி அறை, பக்கத்திலேயே கழிப்பறை. மேடைக்குப் பின்னால் படுதா கட்டிவிட்டு அதுதான் அறை என்று சொல்லாதீர்கள்.

ஊர்நாட்டாமை:
பர்மிஷனை மறந்துறாதீங்க. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10லிருந்து காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய விழாக்களுக்கு 12 மணி வரைக்கும் தளர்த்துறதுக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேற்படாம அரசுக்கு அதிகாரம் இருக்கு. அதனால மனுவுல நேரத்தைத் தெளிவா எழுதிக் கேளுங்க. நிகழ்ச்சி நிரல், பாக்ஸ் எத்தனை, ஜெனரேட்டர் எங்க நிக்கும், எல்லாம் போட்டு ஸ்டேஷன்ல கொடுத்து ரசீது வாங்கிக்கங்க. "ஆடல் பாடல்"னு மொட்டையா எழுதினா ரெக்கார்டு டான்ஸ்னு நினைச்சு இழுத்தடிப்பாங்க. கலை பேரையே எழுதுங்க. வைகாசி வச்சது நல்லது. சித்திரையில அழகர் ஆத்துல இறங்குற வாரம்னா பந்தோபஸ்துக்கு ஆளும் கிடைக்காது, செட்டும் கிடைக்காது.

மேலூர்க்காரன்:
நன்றிண்ணே. முதல் நாள் வரிசை தப்பு, ஒயில், கரகம்னு வச்சிருக்கோம். சரிதானா? கோடை மழை வந்தா?

ரேடியோசெட்:
வரிசை சரி. தப்பு தோலா, ஃபைபரான்னு கேட்டுக்கங்க. தோல்னா ஆடுறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி தீயில காய்ச்சி விறைப்பேத்தணும், இல்லேன்னா தொப்புனு கேட்கும். பந்தல்ல இருந்து 30 அடி தள்ளி, காத்து பந்தலுக்கு எதிர்ப்பக்கம் போற இடமாப் பாத்து வைக்கோல் போட்டு, பக்கத்துல ரெண்டு குடம் தண்ணியும் வைங்க. காய்ச்சி முடிச்சவங்களை நிக்க வச்சு பொன்னாடை போர்த்துனா தோல் மறுபடி தளர்ந்துரும். மரியாதை எல்லாம் ஆட்டம் முடிஞ்சு. போன விழா தள்ளிப்போனதுக்கும் இந்தப் பொன்னாடைதான் காரணமா இருக்கும், பாருங்க. ஒயிலுக்கு 40 நிமிஷம், பாடுற வாத்தியாருக்கு மட்டும் ஒரு மைக். சலங்கைக்கு வேண்டாம்.

மழையை விட காத்துதான் பயம். மேற்க இருட்டிக் காத்து கிளம்புனா மொத வேலையா பக்கத் துணியையும் பின்பக்க பேனரையும் அவுத்துருங்க. அது பாய்மரம் மாதிரி பந்தலையே இழுத்துச் சாய்ச்சிரும். பாக்ஸ் அடுக்கை இறக்கி, மெயினை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் தார்ப்பாய். லைன் ஓடிட்டு இருக்கும்போதே தார்ப்பாய் போட ஓடாதீங்க. ஜெனரேட்டர் பக்கம் ஒரு ஆள் கடைசி வரைக்கும் நிக்கணும், அந்த ஆள் விழாக் கமிட்டிக்காரரா இருக்க வேணாம், மேடையில பேர் சொல்லிக் கூப்பிட்டா போயிருவாரு.